மலை மாவட்ட அரசு அலுவலகங்களில் லினக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியின் ஊராட்சி அலுவலகங்கள், அரசுப் பள்ளிகள், நூலகங்கள் ஆகியவற்றின் கணினிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலை ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலக் கணினியை ஓட்டும் இயங்குதளம், யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். கணினியைத் தினமும் பயன்படுத்தினாலும் லினக்ஸைத் தொட்டுப் பார்க்காதவர்கள் கேட்கும் கேள்விகளே இங்கே இருக்கின்றன.

விண்டோஸ் நன்றாகத்தானே ஓடுகிறது, இப்போது ஏன் மாற வேண்டும்?

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தன. காசு கட்டிச் சில காலம் நீட்டிக்கலாம். விண்டோஸ் 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். 2013, 2015 வாக்கில் வாங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகக் கணினிகள் இந்த வரம்புக்குள் வராது. அவை கெட்டுப்போகவில்லை. எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு வட்டு ஒன்றும் கொஞ்சம் ராம் நினைவகமும் போட்டால் இன்னும் ஐந்தாறு வருடம் கடிதம், கணக்கு, இணைய வேலை எல்லாவற்றையும் தாங்கும்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வரி கேட்புப் பதிவேடும் தீர்மானப் புத்தகமும் பயனாளிகள் பட்டியலும் ஊர் மக்களின் ஆவணங்கள். இருபது வருடம் கழித்து வரும் செயலரும் அவற்றைத் திறந்து படிக்க முடிய வேண்டும். ஒரு நிறுவனத்தின் உரிமத்தையோ, ஒரே ஒரு எழுத்துருவையோ நம்பி அவை இருக்கக் கூடாது.

அரசு அலுவலகம் இப்படி மாறலாமா? விதி இடம் கொடுக்கிறதா?

மத்திய அரசு 2015இல் திறமூல மென்பொருள் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) ஏற்புக் கொள்கையை வெளியிட்டது. மென்பொருள் வாங்கும்போது திறமூல மாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும், அதை ஒதுக்கினால் காரணம் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2000களின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், சூசே என்ற லினக்ஸ் வகையை ஏற்றிய கணினிகளை வாங்கி அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் வந்தது.

அவை ஏன் நிலைக்கவில்லை? கணினி போய்ச் சேர்ந்தது, கற்றுக்கொடுக்க ஆள் போய்ச் சேரவில்லை என்பது எங்கள் கணிப்பு. தமிழ் தட்டச்சு வராத கணினியை யாரானாலும் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் உரிமமில்லாத விண்டோஸை ஏற்றிக் கொடுத்துவிடுவார்.

தனி ஊராட்சியாக முடிவெடுத்துச் செய்ய வேண்டாம். வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ உங்கள் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கோ எழுதி ஒப்புதல் வாங்குங்கள். எத்தனை கணினி, என்ன வயது, எந்த வேலைக்கு என்று ஒரு பக்கப் பட்டியல் இணைத்தால் கோப்பு வேகமாக நகரும்.

வேறு அரசுகள் மாறி, பிறகு திரும்பிவிட்டதாகச் சொல்கிறார்களே?

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியைச் சொல்கிறார்கள். 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 2017இல் மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 கணினிகளில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலகச் செயலித் தொகுப்பும் அதன் பின்னால் லினக்ஸும் கொண்டுவரப்போவதாக 2024இல் அறிவித்தது.

நாம் பாடம் படிக்க வேண்டியது பிரான்சின் ஜாந்தார்மெரி காவல் படையிடம். 2005இல் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸின் முன்னோடியான ஓப்பன் ஆபீஸை ஏற்றினார்கள். 2006இல் ஃபயர்பாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியும் வந்தன. ஊழியர்களின் கை அவற்றுக்குப் பழகிய பிறகு 2008இல்தான் உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கு நகரத் தொடங்கினார்கள். பல பத்தாயிரம் கணினிகள் அப்படி மாறி, மாறியபடியே இருக்கின்றன. செயலி முதலில், இயங்குதளம் பிறகு என்ற அந்த வரிசையை இங்கேயும் மாற்ற வேண்டாம்.

அவ்வளவு தூரம் போகாமலும் பார்க்கலாம். பந்தலூரிலிருந்து எல்லை தாண்டி வயநாட்டுக்குள் போனால் அரசுப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ்தான். கேரளம் 2000களிலேயே பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிவிட்டது. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, செய்முறைத் தேர்வு எல்லாமே அதை வைத்து நடக்கின்றன. அங்கே அது நிலைத்ததற்குக் காரணம் அந்தப் பயிற்சிதான்.

முதல் நாள் என்ன செய்வது?

கணினியைத் தொடாதீர்கள். ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு இருக்கையிலும் என்னென்ன செயலி திறக்கிறார்கள், எந்தெந்த இணையதளத்தில் நுழைகிறார்கள், எந்த அச்சுப்பொறி, எந்த ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (யுஎஸ்பியில் செருகும் சிறு கருவி) உண்டா, கைரேகைக் கருவி உண்டா, கோப்புகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று எல்லாவற்றையும் குறியுங்கள். ஊராட்சிக் கணக்குத் தளமான இ-கிராம் ஸ்வராஜ் போல உலாவியில் திறக்கும் வேலைகள் பெரும்பாலும் தடங்கலின்றி வரும். மாட்டிக்கொள்வது நான்கே இடத்தில்: பழைய தமிழ் எழுத்துரு, அச்சுப்பொறி, டோக்கன், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட ஓரிரு செயலி. இந்த நான்குக்கும் விடை கிடைக்கும்வரை விண்டோஸை அழிக்கக் கூடாது.

எந்த லினக்ஸைப் போடுவது?

4 ஜிபி ராம் உள்ள பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 8 ஜிபி இருந்தால் மின்ட் சினமன் அல்லது உபுண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்பு. மேலதிகாரியின் ஆணை பாஸ் லினக்ஸ் என்று சொன்னால் அதையே போடுங்கள், அதுவும் டெபியன் குடும்பம்தான், இங்கே சொல்வது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். எதை எடுத்தாலும் அலுவலகம் முழுக்க அது ஒன்றே இருக்க வேண்டும். மூன்று கணினியில் மூன்று விதம் என்றால் பக்கத்து இருக்கைக்காரர் கைகொடுக்க முடியாது.

32 பிட் மட்டுமே ஓடும் மிகப் பழைய கணினிகளை விட்டுவிடுங்கள். டெபியன் 13 அவற்றுக்கான நிறுவியையே தரவில்லை.

வன்பொருளில் என்ன வாங்க வேண்டும்?

கணினி ஒன்றுக்கு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, ராமை 8 ஜிபி ஆக்க ஒரு துண்டு, சிஆர் 2032 பட்டன் பேட்டரி ஒன்று. ராம் வாங்கும் முன் மதர்போர்டில் இருப்பது டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்று பாருங்கள். வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருகினால் நுழையாது. பணம் குறைவு என்றால் எஸ்எஸ்டியை வாங்கிவிட்டு ராமைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய வட்டு போய் எஸ்எஸ்டி வந்தாலே கணினி புதிதுபோல் எழும்.

பட்டன் பேட்டரியைச் சிலர் அற்பம் என்று விட்டுவிடுகிறார்கள். அது தீர்ந்தால் கணினியின் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும். உடனே அரசு இணையதளங்கள் எல்லாம் ‘சான்றிதழ் செல்லாது’ என்று மறுக்கும். லினக்ஸ் ஒத்துவரவில்லை என்று வரும் புகார்களில் இதுவும் உண்டு.

நிறுவும் முறை என்ன?

மின்ட்டின் நிறுவல் கோப்பு 3 ஜிபி அளவில் இருக்கும். மலையில் இணைப்பு பாதியில் அறுந்து கோப்பு சிதைவது சாதாரணம். அதனால் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ நல்ல இணைப்பில் இறக்கி, தளத்தில் தந்திருக்கும் ஷா256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு எடுத்து வாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்தக் கோப்பு வேண்டாம். விண்டோஸில் ரூஃபஸ் செயலியால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரை, அச்சு எல்லாம் வேலை செய்கிறதா என்று அரை மணி நேரம் சோதித்தால் பின்னால் அரை நாள் மிச்சம். வட்டையே காணவில்லை என்று நிறுவி சொன்னால் பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) சாட்டா அமைப்பு ‘ரெய்டு’ அல்லது ‘ஆர்எஸ்டி’யில் இருக்கும், ‘ஏஎச்சிஐ’க்கு மாற்றுங்கள். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் இப்படி மாற்றிய பின் அது எழாமல் போகலாம். முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டியைப் பிரிக்கும்போது கணினி எழுவதற்கான இஎஃப்ஐக்கு 512 எம்பி, இயங்குதளம் இருக்கும் ரூட்டுக்கு 60 ஜிபி, ராம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்கு 4 ஜிபி, மீதி முழுவதும் கோப்புகளுக்கான ‘ஹோம்’. ஹோமைத் தனியாக வைத்தால் நாளை இயங்குதளத்தை மறுபடி நிறுவ நேர்ந்தாலும் ஊழியரின் கோப்புகள் அப்படியே இருக்கும்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாமா?

முதல் மூன்று மாதம் வைக்கலாம். மூன்று விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைக்காவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் வட்டைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வட்டுப் பூட்டு இருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்த பிறகே எதையும் தொடுங்கள். கடிகாரம் 5 மணி 30 நிமிடம் முன்னும் பின்னும் போனால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை இந்திய நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. லினக்ஸை இந்திய நேரமாகவே படிக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு.

வானவில் எழுத்துருவில் பதினைந்து வருடக் கோப்புகள் இருக்கின்றன. லினக்ஸில் திறந்தால் வெறும் கிறுக்கலாக வருகிறது. என்ன செய்வது?

மாறும் வேலையில் பாதி இதுதான். முதலில் ஏன் அப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வோம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமித்திருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்த ஆங்கில எழுத்தின் உருவத்துக்குப் பதில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறது எழுத்துரு. அது இல்லாத கணினியில் வேஷம் கலைந்து ஆங்கிலக் குவியல் தெரிகிறது. விண்டோஸிலும் இதே கதிதான், அங்கே எழுத்துரு இருப்பதால் தெரியாமல் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இலேயே, தமிழுக்கென்றே தனிக் குறியீடுகள் தரும் உலகப் பொது முறையான யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆகவே லினக்ஸுக்குப் போனாலும் போகாவிட்டாலும் இந்த வேலை பாக்கி இருக்கிறது.

‘கோத்தகிரி’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவில் முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். யூனிகோடில் க, அதன்மேல் ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி என்று ஒன்பது குறியீடுகள், உச்சரிக்கும் வரிசையில். மாற்றும் கருவி கொம்பையும் காலையும் இடம் மாற்றி ஒன்றாக்க வேண்டும். மட்டமான கருவி க, ஏகாரக் குறி, கால் என்று மூன்றாகவே விட்டுவிடும். திரையில் அதே ‘கோ’தான் தெரியும், ஆனால் சில செயலிகளில் கோத்தகிரி என்று தேடினால் சிக்காது. வரிப் பட்டியலில் பெயர் இருந்தும் ‘இல்லை’ என்று வருவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று ஔகாரம்: ‘கௌரி’ என்பதைக் கொம்பு, க, ள என்று ‘கெளரி’யாக அடித்திருப்பார்கள். மாற்றிய பிறகு ‘கெள’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள். மொத்தமாக மாற்றினால் ‘கெளுத்தி’ போன்ற சரியான சொற்களும் கெட்டுப்போகும்.

அடுத்த பொறி, தமிழும் ஆங்கிலமும் கலந்த கோப்பு. முழுக் கோப்பையும் கருவிக்குக் கொடுத்தால் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர், அரசாணை எண் எல்லாமும் தமிழ்க் குப்பையாகிவிடும். எந்தப் பகுதி வானவில் எழுத்துருவில் இருக்கிறதோ அதை மட்டும் எடுக்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ‘தேடி மாற்று’ பெட்டியைத் திறந்து, கூடுதல் தேர்வுகளில் வடிவமைப்பு பொத்தானை அழுத்தி எழுத்துருவின் பெயரைக் கொடுத்து ‘அனைத்தையும் தேடு’ என்றால் அந்த எழுத்துருவில் உள்ளவை மட்டும் தேர்வாகும். ஒரு கோப்பில் எங்கெங்கே வானவில் இருக்கிறது என்று இப்படிப் பார்த்துவிட்டு, பத்தி பத்தியாக மாற்றுங்கள். நூற்றுக்கணக்கில் கோப்பு இருந்தால் ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகம் உதவும். வானவில், பாமினி, டாப், டாம், டிஸ்கி உள்ளிட்ட பல குறியாக்கங்களுக்கு அதில் மாற்றி உண்டு. பைத்தான் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் போதும்.

மாற்றிய பின் எழுத்தின் அளவு திடீரென்று வேறாகத் தெரியும். பழைய கோப்பு ஆங்கிலமாகச் சேமிக்கப்பட்டதால் மேற்கத்திய எழுத்துருவின் அளவை எடுத்துக்கொண்டிருந்தது. யூனிகோடு தமிழுக்கு ‘சிக்கலான உரை அமைப்பு’ என்ற தனி இடத்திலிருந்து எழுத்துருவும் அளவும் வருகின்றன. லிப்ரே ஆபீஸின் விருப்பங்களில் மொழிப் பகுதியில் அதை இயக்கி, தமிழைத் தேர்ந்து, பாணிகளில் அளவைச் சரிசெய்யுங்கள்.

எல்லாக் கோப்பையும் மாற்ற வேண்டாம். நடப்பில் இருக்கும் பதிவேடுகளையும் திரும்பத் திரும்ப எடுக்கும் மாதிரிக் கடிதங்களையும் மாற்றுங்கள். முடிந்துபோன கோப்புகளை விண்டோஸ் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள், எழுத்துரு உள்ளே பதிந்துவிடுவதால் எங்கே திறந்தாலும் படிக்கலாம். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

தமிழ் தட்டச்சு எப்படி? எங்கள் தட்டச்சருக்குப் பழைய தட்டச்சுப்பொறி முறைதான் வரும்.

ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். தமிழ் 99, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட், ஒலியியல் முறைகள் அதில் இருக்கின்றன. உயர்நிலைத் தட்டச்சுத் தேர்வு முடித்தவரைத் தமிழ் 99க்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். பல வருடம் பழகிய விரல் அது, தட்டச்சு முறையையே கொடுங்கள். புதிதாகக் கற்பவருக்குத் தமிழ் 99.

விசைப்பலகை அமைப்புகளிலும் ‘தமிழ் 99’ என்று ஒன்று தெரியும். அது வெறும் விசை மாற்று. கவை இருமுறை அடித்தால் ‘க்க’ என்று புள்ளி தானாக விழுவது ஐபஸ் வழியாக வருவதில்தான் நடக்கும். தமிழ் 99 கற்றவர்கள் ‘புள்ளி விழவில்லை’ என்றால் தவறான பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கடிதத்தின் அமைப்பு கலைகிறது, ஒரு பக்கம் இரண்டாகிறது. ஏன்?

எழுத்துருவின் அகலம்தான் காரணம். டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் இரண்டுக்கும் லிபரேஷன் எழுத்துருக்களும், காலிப்ரிக்குக் கார்லிட்டோவும், கேம்ப்ரியாவுக்குக் காலடியாவும் அதே அகலத்தில் செய்யப்பட்டவை. அவற்றை நிறுவினால் ஆங்கிலக் கடிதம் கலையாது. தமிழில் லதா, நிர்மலா ஆகிய விண்டோஸ் எழுத்துருக்களுக்கு அப்படி ஈடு இல்லை. எல்லாக் கணினியிலும் ஒரே கட்டற்ற எழுத்துருவை, உதாரணமாக நோட்டோ சான்ஸ் தமிழ், ஏற்றி மாதிரிக் கடிதங்களை அதில் ஒருமுறை சரிசெய்துவிடுங்கள். வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

எக்செல் மேக்ரோக்கள் பாதி ஓடும், பாதி ஓடாது. சூத்திரங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எங்கள் அச்சுப்பொறி வேலை செய்யுமா?

எப்சன் எல் வரிசை மைப்பொறிகளும் பிரதர் லேசர்களில் பலவும் எளிதாக வரும். எச்பி லேசர்ஜெட் 1020, எம்1005 இரண்டும் எச்பிலிப் என்ற இயக்கித் தொகுப்போடு அதன் கூடுதல் செருகுநிரலையும் கேட்கும் (இயக்கி என்பது பொறியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்). 1020இல் ஒரு சூட்சுமம்: ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் கணினிதான் அதற்குள் ஃபர்ம்வேர் என்ற உள்நிரலை ஏற்ற வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு அச்சு நின்றால் கணினியை விட்டுவிட்டுப் பொறியின் யுஎஸ்பி கம்பியை ஒருமுறை கழற்றிச் செருகுங்கள்.

அலுவலகங்களில் நிறைய இருக்கும் கேனான் எல்பிபி 2900தான் தலைவலி. அது பேசுவது கேனானின் தனி மொழி. சமூகத்தினர் எழுதிய இயக்கி உண்டு, ஆனால் தினம் நூறு பக்கம் அடிக்கும் இருக்கைக்கு அதை நம்ப மாட்டோம். அந்தப் பொறியை விண்டோஸில் விட்டுவைக்கும் கணினியோடு சேர்த்துப் பிணையத்தில் பகிருங்கள். ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸுக்கு எப்சன் 9 ஊசி அல்லது 24 ஊசி பொது இயக்கி போதும். தாளின் நீளத்தை அங்குலத்தில் சரியாகக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு ரசீதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கும்.

டிஜிட்டல் கையொப்பம், கைரேகை, டேலி?

ஈபாஸ் 2003, பிராக்ஸ்கீ போன்ற டோக்கன்களுக்கு லினக்ஸ் இயக்கி உண்டு. இயக்கியை நிறுவி, ஸ்மார்ட் கார்டு சேவையான பிசிஎஸ்சி ஓடுகிறதா என்று பார்த்து, ஃபயர்பாக்ஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியின் அடியில் உள்ள ‘பாதுகாப்புச் சாதனங்கள்’ வழியாக அந்த இயக்கிக் கோப்பை ஏற்ற வேண்டும். டோக்கன் தெரிந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தப்புள்ளி, பணப் பட்டுவாடா போன்ற தளங்கள் கையொப்பமிடத் தனியாக ஒரு சிறு செயலியை நிறுவச் சொல்லும். அதற்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சோதனைக்கு நிஜமான பட்டுவாடாவை எடுக்காதீர்கள். பின் எண்ணைத் தவறாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

கைரேகைக் கருவிகளை ஓட்டத் தேவையான பதிவுசெய்யப்பட்ட சாதனச் சேவை (ஆர்டி சர்வீஸ்) பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்குமே கிடைக்கிறது. டேலியும் விண்டோஸ் செயலிதான். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயின் என்ற மென்பொருள் மூலம் ஓட்டலாம் என்பார்கள், கணக்குப் புத்தகத்தை அப்படிச் சோதனைக்கு விடக் கூடாது. ஆகவே அலுவலகத்துக்கு ஒரே ஒரு உரிமமுள்ள விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்தில் ஒன்பது மாறினாலே மாற்றம்தான்.

மின்தடையும் இணைப்புத் துண்டிப்பும் அடிக்கடி. தாங்குமா?

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு பெரும்பாலும் தானே மீளும். ஆபத்து, புதுப்பிப்பு நடக்கும்போது போவதுதான். பாதியில் நின்ற கணினியை இயக்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘ரெக்கவரி மோடு’ போனால் ‘டிபிகேஜி’ என்று ஒரு வரி இருக்கும். அது அறுந்த நிறுவலை முடித்துவைக்கும். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவியை முதல் நாளே இயக்கி வைத்தால் முந்தைய நிலைக்கும் திரும்பலாம். யுபிஎஸ் பேட்டரி தாங்காத அலுவலகத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, வாரம் ஒருநாள் கையால் செய்யுங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், தேவாலா பக்கம் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இணைப்பு வர நாளாகும். ஐந்துக்கு மேல் கணினி இருந்தால் ஒன்றில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போடுங்கள். முதல் கணினி இறக்கிய தொகுப்பை மற்றவை 3142ஆம் போர்ட் வழியாக அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும், வெளியிலிருந்து ஒருமுறை இறக்கினால் போதும்.

ஈரத்தையும் சொல்ல வேண்டும். பூட்டிக் கிடந்த அறையில் கணினி எழாமல் பீப் பீப் என்றால் லினக்ஸைத் திட்டும் முன் ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூசியை ஊதிவிட்டுச் செருகிப் பாருங்கள். குளிரில் ஜீப்பில் வந்த கணினியை உடனே இயக்காதீர்கள். உள்ளே பனித்த நீர் காய இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள்.

எந்த மாதத்தில் செய்வது? பயிற்சி எத்தனை நாள்?

மார்ச் வேண்டாம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் உதகைப் பக்கம் ஒருவருக்கும் ஓய்விருக்காது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமும் பலமாக வருவதால் அக்டோபர், நவம்பரும் சரியல்ல. பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுவரை நல்ல காலம். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை.

பயிற்சிக்கு மூன்று அரை நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் கோப்பைச் சேமிப்பது, தேடுவது, பென் டிரைவை முறையாகக் கழற்றுவது. இரண்டாம் நாள் தமிழ் தட்டச்சும் அவர்களுடைய சொந்தக் கடிதம் ஒன்றும். மூன்றாம் நாள் அச்சு, ஸ்கேன், பிடிஎஃப். மாதிரிப் பாடத்தை வைத்து நடத்தினால் மறுநாள் மறந்துவிடும், நடப்புக் கோப்பில் செய்தால் நிற்கும். இரண்டு வாரம் வேகம் குறையும். இதை அலுவலகத் தலைவர் முன்கூட்டியே ஊழியர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

வைரஸ் தொல்லை இருக்காதா?

பென் டிரைவ் வழியாக வரும் விண்டோஸ் வைரஸ் லினக்ஸில் ஓடாது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டினால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது?

அலுவலகத்திலேயே ஒருவரைப் பழக்குங்கள், பதவி எதுவாக இருந்தாலும் ஆர்வமுள்ளவராக. தமிழிலேயே கேள்வி கேட்கக் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கணியம் அறக்கட்டளை லினக்ஸ் பற்றித் தமிழில் இலவச மின்னூல்களை வெளியிட்டிருக்கிறது.

எல்லாம் மாறிய பிறகு பழைய வட்டை என்ன செய்வது?

அழிக்காதீர்கள். எஸ்எஸ்டி போட்டதால் பழைய வட்டு கழன்று தனியாகத்தான் இருக்கிறது, அதுவே உங்கள் முழு நகல். அலுவலகத்தின் பெயர், கணினி எண், கழற்றிய தேதி மூன்றையும் அதன்மேல் ஒட்டி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சுவரை ஒட்டாத பீரோவில் பூட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருமுறை யுஎஸ்பி உறையில் செருகிப் படிக்கிறதா என்று பாருங்கள். தணிக்கை ஒன்று முடிந்து, விட்டுப்போன கோப்பு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அதைத் துடைக்கலாம். துடைப்பதென்றால் ஃபார்மேட் போதாது, வட்டு முழுக்கப் பூஜ்யம் எழுத வேண்டும். உள்ளே மக்களின் ஆதார் நகல்களும் வங்கிக் கணக்கு எண்களும் இருக்கின்றன, அதனால் துடைக்காமல் ஒருபோதும் பழைய இரும்புக்குப் போடக் கூடாது.